பனி இழுத்துச் சென்ற தாமிரம்

கிழக்கு பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் யாராவது போர்வெல் போட்டால், ரிக் வண்டியைச் சுற்றிக் குவியும் தூளைக் கவனித்துப் பார்க்கலாம். முதலில் செம்மண் வரும். அதன் கீழே மஞ்சளும் வெள்ளையுமாகப் பொலபொலவென்று உதிரும் மக்கிய பாறை. இன்னும் கீழே போனால் சாம்பல் நிறத்தில் நைசான தூள் பறக்கத் தொடங்கும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் அலசிக் கைலென்ஸ் வழியாகப் பார்க்கும் புவியியலாளருக்கு வெள்ளை பெல்ஸ்பாரும், மின்னும் குவார்ட்ஸும், கருப்பு மைக்காச் செதிலும் தனித்தனியே தெரியும். லால்பாக் குன்றில் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று பலகை வைத்துக் காக்கப்படும் பாறையின் இனம்தான் இது. ஸ்மீத் என்ற புவியியலாளர் 1916-ல் இதற்குத் தீபகற்ப நைஸ் என்று பெயர் வைத்தார். வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு.

அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நேர் கீழே இருந்து வந்தது. மேலே இருக்கும் செம்மண்ணும் அப்படித்தான். கீழே உள்ள பாறை வெயிலிலும் மழையிலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மக்கி, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மண்ணானது. தென்னிந்தியாவில் கனிமம் தேடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. மண்ணில் தாமிரம் கூடுதலாக இருந்தால், அந்த மண்ணுக்கு அடியிலோ சற்று மேட்டிலோ தாமிரம் இருக்க வாய்ப்பு உண்டு. சான்றும் சரக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கிடக்கும்.

ஜீவனஹள்ளியிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் காரில் மூன்று மணி நேரம் போனால் ஊத்தங்கரை. அங்கிருந்து அரூர் வரை நீளும் நிலத்தில்தான் தமிழ்நாட்டில் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது. பூமியின் மேலோடு ஒரு காலத்தில் நசுங்கிக் கிழிந்து நகர்ந்த பட்டை அது. கிழிசல்களில் சூடான நீர் புகுந்து குவார்ட்ஸாக உறைந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் வெங்கச்சாங்கல் என்று சொல்லும் அந்த வெள்ளைக் கல்லுக்குள், ஈய நிறத்தில் பளபளக்கும் சின்னச் செதில்களாக அந்த உலோகத்தின் தாதுவான மாலிப்டினைட் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே கொஞ்சம் பைரைட்டும் தாமிரத் தாதுவான சால்கோபைரைட்டும் இருக்கும்.

மாலிப்டினைட்டைக் கையில் எடுத்தால் பென்சில் கரி என்றே தோன்றும். விரலில் வழவழவென்று ஒட்டும், காகிதத்தில் கோடு போடும். பல நூற்றாண்டுகள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகினார்கள். 1778-ல் ஸ்வீடனின் வேதியியலாளர் கார்ல் ஷீலே நைட்ரிக் அமிலத்தில் போட்டுப் பார்த்தார். கிராஃபைட் அசையவில்லை, இது வெள்ளைப் பொடியாக மாறியது. மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய நண்பர் யாகோப் யெல்ம் அந்தப் பொடியிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்தார். களப்பணியில் இன்றும் உதவும் சோதனை அதைவிட எளிது. மெருகேறிய பீங்கானில் தேய்த்தால் கிராஃபைட் கருப்பாகக் கோடு போடும், மாலிப்டினைட்டின் கோட்டில் லேசாகப் பச்சை ஓடும். எடையும் காட்டிக்கொடுக்கும். ஒரே அளவுள்ள கட்டிகளில் மாலிப்டினைட் இரு மடங்குக்கு மேல் கனமாக இருக்கும்.

இந்தியச் சுரங்கப் பணியகத்தின் 2010-ம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் மாலிப்டினத் தாது சுமார் 1.9 கோடி டன். அதில் பாதிக்குச் சற்று மேல் தமிழ்நாட்டில். ஆனால் அவ்வளவு தாதுவையும் உடைத்து அரைத்தால் கிடைக்கக்கூடிய மாலிப்டினைட் சுமார் 12,600 டன்தான், அதாவது ஒரு டன் பாறைக்கு ஏறத்தாழ 650 கிராம். ஒரு காலத்தில் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனிய ஆலையில் துணைப் பொருளாகக் கொஞ்சம் கிடைத்ததைத் தவிர, எஃகாலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இந்த உலோகத்துக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கின்றன. 2023 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் தாமிரம், மாலிப்டினம் இரண்டும் இடம்பெற்றன. அதே ஆண்டு நவம்பர் 29-ல் முதல் சுற்று ஏலத்துக்கு வந்த 20 தொகுதிகளில் நொச்சிப்பட்டி, வேலம்பட்டி, மருதிப்பட்டி என்ற தமிழ்நாட்டுப் பெயர்கள் இருந்தன.

உலகத்தின் மாலிப்டினத்தில் பெரும்பகுதி வெங்கச்சாங்கல் கோடுகளிலிருந்து வருவதில்லை. கடல்தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் புகும் இடங்களில் பாறைக் குழம்பு மேலேறி, சில கிலோமீட்டர் ஆழத்தில் நின்று குளிர்கிறது. குளிரும்போது அதிலிருந்து பிரியும் கொதிநீரும் வாயுவும் சுற்றியுள்ள பாறையை நொறுக்கி, ஆயிரமாயிரம் மயிரிழைப் பிளவுகளில் தாமிரத்தையும் மாலிப்டினத்தையும் விட்டுச் செல்கின்றன. போர்ஃபிரி என்று அழைக்கப்படும் இவ்வகைப் படிவுகளில் தாமிரம் நூற்றுக்கு அரை பங்குதான் இருக்கும், மாலிப்டினம் அதனினும் மிகக் குறைவு. ஆனால் பாறையின் அளவோ கோடிக்கணக்கான டன். ஆண்டிஸ், ராக்கி, அலாஸ்கா, திபெத் என்று இவை கிடைக்கும் இடங்களில் பல, உயர்ந்த இளம் மலைகள். அந்த மலைகளைப் பனியாறுகள் அறுத்திருக்கின்றன, சில இடங்களில் இன்றும் அறுத்துக்கொண்டிருக்கின்றன.

அங்கே போனால் ஜீவனஹள்ளித் தூளின் நியாயம் செல்லாது.

பனியாறு நகரும்போது அடிப்பாறையைப் பெயர்க்கிறது. பெயர்த்ததைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், களிமண்ணும் மணலும் பாறாங்கல்லும் கலந்த ஒரே கலவையாக வேறெங்கோ கொட்டுகிறது. அந்தக் கலவைக்குப் புவியியலில் டில் என்று பெயர். ஒரு தாமிரப் படிவின் மேல் பனி நகர்ந்தால் நடப்பது, வாசலில் போட்ட கோலத்தை யாரோ காலால் இழுத்துவிட்டது போல. கோடு இருந்த இடத்தை ஒட்டி மாவு அடர்த்தியாக இருக்கும், போகப் போக மெலிந்து, அகன்று, தரையோடு தரையாகிவிடும். ஆக, பனி நிலத்தில் மண்ணில் தாமிரம் கண்டால் அங்கே தோண்டுவது வீண். அந்த மண் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தது என்று தெரிய வேண்டும். கனிமத் தேடல் இங்கே பயண வரலாற்றைப் பின்னோக்கி எழுதும் வேலையாகிவிடுகிறது. இந்தத் துறையின் உண்மையான அழகு இதில்தான் இருக்கிறது.

இந்த வேலையை மனிதர்கள் காரணம் தெரியாமலேயே தொடங்கிவிட்டார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் டிலாஸ் 1740-ல், உதிரிக் கற்களைப் பின்தொடர்ந்து தாதுவைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். கற்களைக் கொண்டுவந்தது பெருவெள்ளம் என்பது அவருடைய நம்பிக்கை. ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பனிக்கட்டிக்குள் புதைந்திருந்தது என்று லூயி அகாசி புத்தகம் போட்டது 1840-ல்தான். விளக்கம் தவறாக இருந்தும் முறை நூறு ஆண்டுகள் சரியாகவே வேலை செய்தது.

அந்த முறையின் பெரிய வெற்றி ஃபின்லாந்தில் கிடைத்தது. 1908-ல் அந்நாட்டின் கிழக்கில் கிவிசால்மி என்ற இடத்தில் கால்வாய் ஆழப்படுத்தும்போது தாமிரம் நிறைந்த பாறாங்கல் ஒன்று சிக்கியது. சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்ட பாறையே இல்லை. ஓட்டோ ட்ரூஸ்டெட் என்ற சுரங்கப் பொறியாளர் அந்தக் கல்லின் பூர்வீகத்தைத் தேடிப் புறப்பட்டார். அவருக்கு வழிகாட்டியவை அடிப்பாறையில் இருந்த கீறல்கள். பனியின் அடியில் சிக்கிய கற்கள் பாறையை உரசிக்கொண்டே போகும்போது இழுத்த கோடுகள் அவை, வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி. அந்தக் கோட்டைப் பிடித்து எதிர்த்திசையில், அதாவது வடமேற்காக நடந்தால் தாய்ப்பாறை வர வேண்டும். வழியில் அதே வகை உதிரிக்கற்கள் இருக்கின்றனவா என்று தேடிக்கொண்டே போனார். 1910-ல், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, ஓட்டோகும்பு என்ற குன்றில் துரப்பணக் குழாய் தாதுவைத் தொட்டது. ஃபின்லாந்தின் உலோகத் தொழிலே அந்தச் சுரங்கத்தின் மேல் எழுந்தது. 1989 வரை அங்கே தாது எடுத்தார்கள்.

அதே ஃபின்லாந்தில் 1960-களில் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர்னோ காமா என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. தாமிரமும் மாலிப்டினமும் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்தே இருக்கின்றன. கந்தகத் தாதுள்ள கல் காற்றுப் பட்டு மக்கும்போது மெல்லிய நெடி விடும். மனித மூக்குக்கு எட்டாத அந்த நெடி நாய்க்கு எட்டாதா? லாரி என்ற ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாசிக்கு அடியிலும் மண்ணுக்கு அடியிலும் புதைந்த கற்களை அது முகர்ந்து காட்டியது. அனுபவமுள்ள தேடுநர் ஒருவரையும் லாரியையும் ஒரே நிலப்பரப்பில் இறக்கிவிட்டுப் பார்த்ததில் மனிதர் 270 தாதுக்கற்களைக் கண்டார், லாரி 1,330. பிறகு ஸ்வீடனும் கனடாவும் தங்கள் நாய்களைப் பழக்கின.

ஃபின்லாந்து சமவெளி. அங்கே பரந்த பனித்தகடு ஏறத்தாழ ஒரே திசையில் நகர்ந்தது. மலையில் கதை வேறு. பள்ளத்தாக்குப் பனியாறு ஆற்றைப் போலவே வளைந்து ஓடும், கிளைகள் வந்து சேரும். இரு பக்கச் சரிவுகளிலிருந்து விழும் கல்லும் மண்ணும் பனியின் ஓரங்களில் வரிசையாகச் சேர்ந்துகொண்டே வரும். மொரைன் என்பது இந்தக் குவியல்தான். இரண்டு பனியாறுகள் கூடும் இடத்தில் இதன் வலது ஓரக் குவியலும் அதன் இடது ஓரக் குவியலும் சேர்ந்து, பனியின் நடுவே கருப்புக் கோடாக நீளும். விமானத்திலிருந்து எடுத்த படங்களில் இந்தக் கோடுகள் பளிச்சென்று தெரியும். ஒரு நடுக்கோட்டில் பச்சைக் கறை படிந்த கல் கிடைத்தால், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். இரு பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் முகட்டில் அது முடியும். கல் அந்த முகட்டின் இந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது அந்தப் பக்கத்திலிருந்து. ஏற முடியாத செங்குத்து மலைச்சுவர்களைப் பனியாறே மாதிரி எடுத்துக் கீழே கொண்டுவந்து தருகிறது. மலைக் களப்பணியில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சில நேரம் அந்த உதவியும் தேவைப்படாது. 1900-ம் ஆண்டுக் கோடையில் அலாஸ்காவின் கென்னிகாட் பனியாற்று ஓரமாக கிளாரன்ஸ் வார்னர், ஜாக் ஸ்மித் என்ற இருவர் குதிரைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்மலையின் உச்சியில் பச்சைத் திட்டு ஒன்று தெரிந்தது. குதிரைக்குப் புல் கிடைக்கும் என்று ஏறிப் போனார்கள். அங்கே இருந்தது புல் இல்லை, தாமிரம் துருப்பிடித்த பச்சை. உலகிலேயே செறிவு மிகுந்த தாமிரத் தாதுக்களில் ஒன்று, சில கட்டிகளில் எடையில் பாதிக்கு மேல் தாமிரம். அதை வெளியே கொண்டுவர 315 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள், 1911-ல் முடிந்தது. 1938-ல் தாது தீர்ந்து சுரங்கம் மூடும்வரை அங்கே கிடைத்த தாமிரம் 5 லட்சம் டன்னுக்கும் மேல். அதில் ஒரு பங்கு பாறையிலிருந்து வெட்டியதே அல்ல. முகட்டிலிருந்து உடைந்து விழுந்து, கல்லும் பனியும் கலந்து உறைந்த சரிவுக்குள் சிக்கியிருந்த தாதுவையும் தோண்டி எடுத்தார்கள்.

மாலிப்டினம் இப்படிக் கண்ணுக்குக் காட்சி தருவது அரிது. காற்றும் ஈரமும் பட்ட இடங்களில் மஞ்சள் பொடியாகப் பூக்கும். துருவின் மஞ்சளோடு அது எளிதில் குழம்பிவிடும். அதிலிருந்து உண்டாகும் பவலைட் என்ற கனிமம் புற ஊதா விளக்கொளியில் வெளிர் மஞ்சளாக ஒளிரும் என்பதால், இருட்டிய பிறகு விளக்கோடு கல் பார்க்கும் வழக்கமும் உண்டு. இன்னொரு சிக்கல், மாலிப்டினைட் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மிருதுவானது. பனியின் அடியில் சில கிலோமீட்டர் உருண்டால் செதிலெல்லாம் அரைபட்டுக் களிமண்ணோடு கலந்துவிடும். சால்கோபைரைட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கனடாவின் ஹைலண்ட் வேலி போன்ற சுரங்கங்களைச் சுற்றியுள்ள டில் மண்ணில் அதன் பொன்னிறத் துகள்களைப் பொறுக்கி எண்ணியிருக்கிறார்கள். மாலிப்டினத்தைப் பொறுக்க முடியாது. மண்ணைச் சலித்து, 63 மைக்ரானுக்குக் குறைந்த நுண்பொடியை மட்டும் பிரித்து, ஆய்வகத்தில் வேதிப் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

நீரிலும் இந்த இரண்டு உலோகங்களின் குணம் நேர் எதிர். அமிலத்தன்மையுள்ள நீரில் தாமிரம் கரைந்து ஓடும், மாலிப்டினம் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். சுண்ணாம்புப் பாறை மேல் ஓடும் காரநீரில் தாமிரம் படிந்துவிடும், மாலிப்டினம் கரைந்து வெகுதூரம் போகும். ஓடையில் தாமிரம் இல்லை என்று முடிவு கட்டிய பள்ளத்தாக்கில் மாலிப்டினம் மட்டும் தலைகாட்டினால், மேலே போர்ஃபிரி ஒன்று ஒளிந்திருக்கலாம். இரண்டுக்கும் உள்ள பகை மாட்டின் வயிற்றிலும் தொடர்கிறது. இங்கிலாந்தின் சாமர்செட் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் கழிந்து மெலிந்ததற்குப் புல்லில் மிகுந்த மாலிப்டினம்தான் காரணம் என்று 1938-ல் தெரியவந்தது. அது மாட்டின் உடலில் தாமிரத்தைத் தங்கவிடாமல் செய்கிறது. தாமிர சல்பேட் கொடுத்ததும் மாடுகள் தேறின.

மாலிப்டினைட்டுக்கு இன்னொரு தனிச்சிறப்பு உண்டு. உருவாகும்போது அது ரீனியம் என்ற அரிய உலோகத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது, ஆஸ்மியத்தை அனேகமாகச் சேர்ப்பதே இல்லை. ரீனியத்தின் ஒரு வகை மிக மெதுவாக ஆஸ்மியமாகச் சிதையும். பாதி சிதைய 4,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே இன்று ஒரு செதிலில் இருக்கும் ரீனியத்தையும் ஆஸ்மியத்தையும் அளந்தால் அது பிறந்த காலம் கிடைத்துவிடும். மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் தாமிரச் சுரங்கத்துச் செதில்கள் இப்படிக் காட்டிய வயது சுமார் 249 கோடி ஆண்டு.

திபெத்தின் சியூலோங் படிவின் வயதோ 1.6 கோடி ஆண்டுதான். கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டர் உயரத்தில், தாமிரமும் மாலிப்டினமும் சேர்ந்த அந்தப் பெரும் போர்ஃபிரி, கயிலாய மலை நிற்கும் அதே காங்டிஸ் வரிசையின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. 2021 இறுதியில் அங்கே சீனா உற்பத்தியைத் தொடங்கியது. அந்தப் பாறை வரிசையின் மேற்குத் தொடர்ச்சிதான் லடாக்கின் கிரானைட், லே அரண்மனை உட்கார்ந்திருக்கும் குன்று உட்பட. ஆனால் லடாக்கின் கிரானைட்டில் பெரும்பகுதி இந்தியா ஆசியாவோடு மோதி முடிவதற்கு முன், 5 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உறைந்தது. சியூலோங் மோதலுக்கு வெகுகாலம் பிறகு வந்தது. வரைபடத்தில் ஒரே நிறம் பூசியிருப்பதால் ஒரே செல்வம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது அவசரம். பார்க்காமலே இல்லை என்று சொல்வதும் அவசரம்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுவதும் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டமிட்டு ஓடை மணலைப் பகுப்பாய்வு செய்துவருகிறது. அரூருக்குப் பொருந்தும் அந்தக் கட்டக் கணக்கை இமயத்தின் பனிப் பள்ளத்தாக்குகளில் அப்படியே வைத்துப் படித்தால் தவறான இடத்தில்தான் துளை போடுவோம். பனி அரைத்த மாவு ஓடைகளில் வந்து கலந்து எல்லா அளவுகளையும் நீர்த்துப்போகச் செய்யும். மொரைனுக்கு மொரைன் தனிக் கணக்கு வேண்டும், பழைய பனியாறுகள் எந்தத் திசையில் போயின என்ற வரைபடம் முதலில் வேண்டும்.

பனி இப்போது பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. கனடாவின் மேற்கில் மிட்செல் பனியாறு சுருங்கியபோது, தங்கமும் தாமிரமும் மாலிப்டினமும் கொண்ட பாறைச்சுவர் துருச் சிவப்பாக வெளியே வந்தது. தேடுகிறவர்களுக்கு அது திறந்த கதவு. பெருவின் கொர்டியேரா பிளாங்காவில் அதே நிகழ்ச்சிக்கு வேறு முகம். பாஸ்தோரூரி பனியாறு விலகியதும் அடியில் இருந்த பைரைட் காற்றும் நீரும் பட்டு அமிலமாகக் கசிந்து, சுரங்கம் ஏதும் தோண்டாமலே ஓடைகள் செந்நிறமாயின. அம்மலைத்தொடரின் கீழுள்ள கன்ரே சிக்கோ கிராமத்தார் வாய்க்கால் நீரை நாணல் வளர்த்த குட்டைகளில் தேக்கி, அமிலமும் உலோகமும் குறைந்த பிறகே வயலுக்கு விடுகிறார்கள். அர்ஜென்டினா 2010-ல் பனியாறுகளின் மேலும் அவற்றை ஒட்டிய உறைநிலத்திலும் சுரங்கம் தோண்டத் தடை போட்டுச் சட்டம் இயற்றியது.

லடாக்கிலோ சிக்கிமிலோ ஓடை நீரை அள்ளிச் சோதிக்கும் குழு, அமில அளவு, இரும்பு, தாமிரம், மாலிப்டினம் என்று எழுதும் அட்டவணை, தாதுவைத் தேடுகிறவருக்கு எவ்வளவு முக்கியமோ, அந்த நீரில் பார்லி விளைவித்து மாடு மேய்க்கும் ஊருக்கும் அவ்வளவு முக்கியம். அதன் ஒரு பிரதி, துளை போடுவது என்று முடிவாகும் முன்பே, ஊர்த் தலைவரின் கையில் அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும்.